மண்ணும் மானமும்: சேரியின் வீட்டைச் சேரியே வடிவமைப்பது



இந்த நினைவுரை எந்தத் தோழரின் பெயரால் நடக்கிறதோ, அவர் பிழைப்புக்குக் கொத்தனார். பழனி அடிவாரத்து விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் சுவர் எழுப்பியவர். சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு நம் படிப்பகத்தில் உட்கார்ந்து எழுதியவர். அவரைப் புகழ்ந்து பேச நம்மிடம் நிறைய இருக்கிறது. இந்த ஆண்டு அவருடைய தொழிலைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம். நம் காலனிகளில், நம் கைக்கு அடங்கும் செலவில், பக்கத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து வீடு கட்ட முடியுமா என்பதே கேள்வி.

இந்தப் பேச்சை எடுத்தவுடன் எதிரே வரும் மறுப்பிலிருந்தே தொடங்குவோம். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு காலனிக்கு மண்கல் பற்றிப் பேசப் போயிருந்தோம். படம் போட்டுக் காட்டினோம். வெயிலுக்குக் குளிர்ச்சி, செலவு குறைவு, சூழலுக்கு நல்லது என்றெல்லாம் சொன்னோம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். “ஏந்தம்பி, எங்காத்தா மண்ணுச் செவுரு விழுந்து செத்தா. ஐப்பசி மழைக்கு நானும் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தவதான். இப்ப எம் பேத்திக்கும் மண்ணுதானா? உங்க வீடு என்ன வீடு, அதைச் சொல்லுங்க” என்றார்.

எங்கள் எல்லோருடைய வீடும் கான்கிரீட் வீடு. அன்று எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ளும் முயற்சிதான் இந்த உரை.

மண் நம்மேல் சுமத்தப்பட்ட கதை

மண்வீட்டில் வாழ்வது என்பதை நாம் ஒரு போதும் தேர்ந்தெடுக்கவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்ற அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மண் நம் ஏழ்மையால் மட்டும் வந்ததில்லை, உத்தரவாகவும் வந்தது.

குடியிருந்த மனையும் நமதில்லை. பண்ணையார் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டவர், நாளைக்கு வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டியவர். பிடுங்கிப் போட்டுவிடக்கூடிய இடத்தில் யார் நல்ல கடைக்கால் போடுவார்? குடியிருப்பு மனைகளை அதில் வாழ்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. ஆதி திராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம் 1978-இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், ஊருக்கு வெளியே, தண்ணீர் தேங்கும் பள்ளத்திலேயே நம் மனைகள் அமைந்தன.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு கூரைக் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு ‘தளம் போட்ட வீடு’ என்பது நமக்கு வசதியின் பெயராக மட்டும் இருக்க முடியாது. தீப்பிடிக்காத கூரை என்பது உயிர். அந்த அம்மா கான்கிரீட் கேட்பதை விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று சொல்பவர், இந்த வரலாறு தெரியாதவர்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் எரிக்கப்பட்டவற்றில் உழைத்துச் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் வீடுகளும் இருந்தன. தளம் எரியவில்லை, உள்ளே இருந்த பீரோவும் சான்றிதழும் துணிமணியும் எரிந்தன. 2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள்மேல் விழுந்து நம் மக்கள் 17 பேர் இறந்தார்கள். விழுந்தது மண்சுவர் அல்ல, உயர்த்திக் கட்டிய கருங்கல் சுவர். மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள்.

ஆகவே, எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பொருளை யார் முடிவு செய்தார்கள், மனை யார் பெயரில் இருக்கிறது, சுவரின் பலத்தை யார் சோதித்தார்கள்? இந்த மூன்றும் நம் கையில் இருந்தால் மண்ணும் நமக்கு ஒரு கட்டுமானப் பொருள். இல்லையென்றால் சிமெண்டும் நமக்கு எதிரானதுதான்.

திட்ட வீட்டின் கணக்கு

1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கியபோது பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களும் மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்களும்தான் அதன் முதல் இலக்கு. 2016-இல் அது பிரதம மந்திரி ஊரகக் குடியிருப்புத் திட்டமாக மாறியபோது, குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், சமவெளிப் பகுதியில் தொகை 1.20 லட்சம். தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் தொகை 3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடி தீப்பிடிக்காத வேறு கூரையாக இருக்கலாம்.

தொகை உயர்ந்திருக்கிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். கடைக்கால் முடித்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை. அதுவரை கைக்காசு போட வேண்டும். கைக்காசு இல்லாத வீட்டில் குழுக்கடன் நுழைகிறது, அதற்குப் பின்னால் வட்டிக்காரர் நுழைகிறார். பூச்சு இல்லாமல், கதவு இல்லாமல், லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளை நாம் எல்லாக் காலனியிலும் பார்க்கிறோம்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல், லாரி வாடகை. ஒவ்வொன்றும் காலனியை விட்டு வெளியே போகும் பணம். கூலியாக உள்ளே நிற்பது சிறு பங்கு. பொருளுக்குப் போகும் செலவைக் குறைத்துக் கூலிப் பங்கைக் கூட்டினால் அதே மூன்றரை லட்சத்தில் ஒரு பகுதி நம் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் திரும்புகிறது. உள்ளூர்ப் பொருள் என்று நாம் பேசுவதன் பொருளாதாரம் இதுதான். சூளைக்கு எரிக்கும் விறகும் சிமெண்ட் ஆலை விடும் புகையும் குறைவது கூடுதல் நன்மை.

மண் கல்லாவது எப்படி

அந்த அம்மாவின் தாய்மேல் விழுந்த சுவர் குழைமண் சுவர். கடைக்கால் இல்லை, அடியில் கருங்கல் இல்லை, மேலே கூரை நீட்டிக்கொள்ளவில்லை. அடிப்பாகம் நனைந்து கரைந்து சுவர் சாய்ந்தது. நாம் சொல்லும் அழுத்திய மண்கல் வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையமும், 1989 முதல் ஆரோவில் புவி நிறுவனமும் இதில் தொடர்ந்து வேலை செய்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்குத் தனித் தரம் வைத்திருக்கிறது: ஐ.எஸ். 1725. அதாவது இது யாரோ சொல்லும் நம்பிக்கை அல்ல, அளந்து பார்க்கக்கூடிய கல்.

செய்முறை எளிது. மேல்மண்ணையும் வேரையும் ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள செம்மண்ணை எடுக்க வேண்டும். முதலில் பாட்டில் சோதனை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணலும் சரளையும் உடனே அடியில் படியும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. மறுநாள் அடுக்குகளை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மணலும் சரளையும் இருந்தால் நல்லது. களி கூடினால் குவாரித் தூசி சேர்த்துச் சரிசெய்யலாம். நம் சமவெளியில் திட்டுத் திட்டாக வரும் கரிசல் மண் இதற்கு ஆகாது. அது மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும். கரிசல் நிலத்தில் மனை என்றால் கல் மட்டுமல்ல, கடைக்காலையே வேறு மாதிரி போட வேண்டும். அதற்குப் பொறியாளர் தேவை.

சலித்த மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கைப்பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரம் சேர்த்து, கையால் இயக்கும் அழுத்து எந்திரத்தில் கல் அடிக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 50 கிலோ மூட்டை ஒன்று ஒரு டன் கலவைக்கு வரும். ஒரு கல் 10 கிலோ என்று வைத்தால் மூட்டைக்கு நூறு கல். சூளை கிடையாது. ஆனால் நான்கு வாரம் நிழலில், ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இந்த நான்கு வாரத்தை இரண்டு வாரமாக்கினால் கல் உதிரும். பிறகு அந்தக் கெட்ட பெயர் மண்ணுக்கும் நமக்கும் வந்து சேரும். ஒவ்வொரு தொகுப்பிலும் சில கல்லை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றைப் பாலிடெக்னிக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் காலனியில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

கல் நன்றாக இருந்தாலும் சுவர் நிற்க மூன்று தேவை: கருங்கல் கடைக்காலும் தரைக்கு மேல் ஒன்றரை அடி பேஸ்மட்டமும், அடியிலும் லிண்டல் மட்டத்திலும் கம்பி போட்ட பெல்ட், சுவரை நனையவிடாமல் இரண்டடி நீளும் கூரை. இந்த மூன்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. மண் எடுக்க அனுமதியை முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். லாரி லாரியாக மண் அள்ளுபவர்மேல் வராத வழக்கு, நாலு வண்டி எடுக்கும் நம்மேல் வரும்.

செங்கல்தான் வேண்டும் என்றால்

மண்கல்லைக் காலனி ஏற்கவில்லை என்றால் செங்கல்லிலேயே செலவைக் குறைக்க வழி இருக்கிறது. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு அது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். 10,000 கல் வேண்டிய இடத்தில் சுமார் 7,500 போதும். நடுவிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும். மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் கெட்டியாகக் கட்ட வேண்டும். கரண்டு குழாய் எங்கே போகிறது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும், பிறகு உடைக்க முடியாது.

தளத்துக்கும் ஒரு வழி உண்டு. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்குள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் பாரம். கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டைப் புதைத்துவிட்டால் கான்கிரீட் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், தளம் இலகுவாகும், உச்சி வெயிலின் சூடும் கீழே இறங்குவது குறையும். பார்வைக்கும் சட்டத்துக்கும் இது கான்கிரீட் தளம்தான். ஆனாலும் கட்டிய பின் தவணை நிறுத்தப்படாமலிருக்க, ஒன்றியப் பொறியாளரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பேக்கரின் வழியைத் தொடர 1985-இல் திருச்சூரில் தொடங்கப்பட்ட ‘காஸ்ட்ஃபோர்டு’, திருவனந்தபுரம் கரிமடம் குடியிருப்பில் நகர்ப்புற ஏழைகளுக்கு அடுக்கு வீடுகளையே இந்த முறைகளில் கட்டியது. குறைந்த செலவு என்றால் ஒற்றை அறைக் குடில் என்று பொருள் இல்லை. நம் மனை மூன்று சென்ட். அது அகலப் போவதில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலேதான் போக வேண்டும். முதல் நாளே மாடி தாங்கும் கடைக்காலும், வெளிப்படிக்கு இடமும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

கூட்டாக என்றால்

கூட்டு வீடு என்று மேலிருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் லட்சம் வீடு திட்டமே பாடம். 1972-இல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல இடங்களில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர். நோக்கம் பெரியது. ஆனால் குடும்பம் பெருகியபோது, ஒருவர் இடித்துக் கட்ட நினைத்தால் அடுத்தவர் வீடு நிற்காது. பின்னாளில் அரசே இரட்டை வீடுகளைத் தனி வீடுகளாக மாற்ற வேண்டியிருந்தது. சுவரைப் பகிர்வது கூட்டு அல்ல. முடிவையும் உழைப்பையும் பேரம் பேசும் வலிமையையும் பகிர்வதுதான் கூட்டு.

நம் மாவட்டத்து மகள் ஒருவரின் அனுபவம் இங்கே உதவும். வத்தலக்குண்டு பக்கம் அய்யன்கோட்டையில் 1926-இல் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், வெண்மணிக்குப் பிறகு கணவர் ஜெகநாதனோடு கீழத்தஞ்சைக்குப் போனார். 1981-இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்ய வைத்தார். வீட்டு வேலை அதற்குப் பின் வந்தது. குடிசைகளை மாற்ற, கூலி வேலை இல்லாத காலத்தில் மக்களே கல் அறுத்து, குடும்பங்களின் உழைப்பையும் சேர்த்து வீடு எழுப்பினார்கள். காந்தியத்தோடு நமக்குள்ள கருத்து வேறுபாடு அப்படியே இருக்கிறது. ஆனால் முதலில் நிலம், அதுவும் பெண் பெயரில், பிறகு கல் என்ற அந்த வரிசையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சோலாப்பூர் பக்கம் கும்பாரியில் பீடி சுற்றும் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தின் வழியே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 10,000 வீடுகளைப் பெற்றார்கள். 2006-இல் அது குடியிருப்பானது. தனியாகப் போனால் மனுதாரர், சங்கமாகப் போனால் தரப்பு. தென் அமெரிக்காவின் உருகுவேயில் 1970-இல் உருவான ‘ஃபூக்வாம்’ கூட்டமைப்பில் ஒவ்வொரு குடும்பமும் வாரம் 21 மணி நேரம் கட்டுமான உழைப்பு தருகிறது. மனையும் வீடும் கூட்டுறவின் சொத்து, குடும்பத்துக்குப் பரம்பரையாகக் குடியிருக்கும் உரிமை. யார் வீடு யாருக்கு என்பது பெரும்பாலும் கட்டி முடிந்த பிறகே தெரியும். அதனால் எந்தச் சுவரிலும் யாரும் ஏமாற்றுவதில்லை. அங்குள்ள சொத்து முறையை இங்கே அப்படியே கொண்டுவர நாம் சொல்லவில்லை. கையில் பட்டா இல்லாமல் தலைமுறைகளாக அலைந்தவர்களிடம் பட்டாவைச் சங்கத்துக்குக் கொடு என்பது அநியாயம். பட்டா குடும்பத்திடம், குறிப்பாகப் பெண்ணிடம் இருக்கட்டும். அழுத்து எந்திரம், சென்ட்ரிங் தகடு, மண் குவிக்கும் இடம், கல் ஆற்றும் கொட்டகை, மொத்தக் கொள்முதல் ஆகியவை பொதுவில் இருக்கட்டும்.

உழைப்பைத் தருவது என்றால் இலவசமாகத் தருவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வெட்டி வேலை பார்த்த சமூகம் நாம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வீடு கட்டும் குடும்பத்துக்கு 90 நாள் கூலி சேர்த்துத் தரும் விதி வகுக்கப்பட்டது. அப்படி ஒவ்வொரு மணி உழைப்பும் கணக்கில் ஏற வேண்டும். இன்னொன்று: நம் பெண்கள் இருபது ஆண்டு சித்தாளாக இருந்தும் கையில் கரண்டி கொடுக்கப்படுவதில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கட்டுமானக் குழுக்களாக வீடு கட்டுகிறார்கள். முதல் வீடு முடியும்போது குறைந்தது சில பெண்களாவது கொத்தனார் கூலி வாங்க வேண்டும் என்பது நம் நிபந்தனை.

குழிக்குள் யார் இறங்குவது

வீட்டு வரைபடத்தில் கடைசியாகப் பேசப்படுவது கழிவறை. நமக்கு அது முதலில் வர வேண்டும். அடைத்துக் கட்டிய செப்டிக் டேங்க் ஒரு நாள் நிறையும். நிறைந்தால் யாரையோ கூப்பிடுவார்கள். அந்த ‘யாரோ’ எந்தச் சாதி என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. 2013 சட்டம் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது, சாவுகள் நிற்கவில்லை.

இரட்டைக் குழிக் கழிவறை இதற்கு எளிய மாற்று. இரண்டு குழி, சுற்றிலும் இடைவெளி விட்டு அடுக்கிய கல், நடுவில் தடுப்புத் தொட்டி. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். ஒன்றரை இரண்டு ஆண்டில் மூடிய குழியில் இருப்பது வாடையற்ற உரமாகிவிடும். வீட்டாரே மண்வெட்டியால் எடுக்கலாம். கிணற்றிலிருந்தும் அடிகுழாயிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் மேலாக நிற்கும் பள்ளத்தில் இது வேலை செய்யாது. அந்த இடத்தை மனையாகவே ஏற்கக் கூடாது. நாம் வடிவமைக்கும் வீடு நம்மில் இன்னொருவரைக் குழிக்குள் இறக்கும் வேலையை உருவாக்கக் கூடாது.

இனி

சுருங்கச் சொன்னால் வரிசை இது: பட்டா, சங்கம், மண் சோதனை, வரைபடம், ஒன்றியத்தின் எழுத்து ஒப்புதல், பிறகு கல். இதில் எதையும் முன்பின் மாற்றினால் கடனும் கோளாறும் நம் தலையில் விழும்.

இங்குள்ள மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் காலனியின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். மனை எவ்வளவு, பட்டா யாரிடம், மழைநீர் எங்கே நிற்கிறது, பாதியில் நின்ற வீடு எத்தனை, எந்தத் தவணையில் நின்றது என்று எழுதுங்கள். சமூகவியல் படித்த எங்களுக்கு வகுப்பறை சொல்லித்தராத கணக்கு அது.

மன்றம் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யும். நம் படிப்பகத்துக்குப் பின்னால் ஆறடிக்கு ஒரு மண்கல் சுவர் கட்டுவோம். பேஸ்மட்டத்தின் மேல், பூச்சில்லாமல், கூரையில்லாமல் ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதை நனையவிடுவோம். தை பிறந்ததும் தொப்பம்பட்டிப் பக்கத்து அந்த அம்மாவை அழைத்து வருவோம். அவர் தட்டிப் பார்க்கட்டும், கம்பியால் சுரண்டிப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் செங்கல்லில் கட்டுவோம்.

ஜெய் பீம்.